முறமும் முந்தானையும்

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய மூங்கில் முறம் ஒன்று அகப்பட்டது. "கல் நீக்கிய அரிசி பொட்டலத்திலேயே வருகிறது, இனி இது எதற்கு?" என்று அதை வெளியே போடப் போனோம். தாயார் தடுத்துவிட்டார். "போடுவது அப்புறம் இருக்கட்டும். கடையில் சில்லறையாகக் கடுகு வாங்கி வந்தாயே, அதை முதலில் கொண்டு வா" என்றார். ஐந்து நிமிஷம் முறம் ஆடியது. சருகும் தூசியும் முன்விளிம்பைத் தாண்டிப் பறந்தன. பொடிக்கற்கள் ஒருபுறம் ஒதுங்கின. கடுகைப் போலவே கறுத்து, ஆனால் கடுகல்லாத சில விதைகள் மட்டும் முறத்துக்கு அடங்காமல் நின்றன. அவற்றைத் தாயார் கண்ணால் பார்த்து, விரலால் பொறுக்கி எறிந்தார். அந்த விதைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பௌதிக சாஸ்திரம் படித்தவர்கள் இந்தக் காரியத்துக்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் சூட்சுமம் ஒன்றுதான். கலந்து கிடக்கும் இரண்டு பொருள்களுக்குள் ஏதேனும் ஒரு வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கொண்டே அவற்றைப் பிரிக்க வேண்டும். உமி லேசு, அரிசி கனம், ஆகவே புடைக்கிறோம். ரவை பெரிது, மாவு சிறிது, ஆகவே சலிக்கிறோம். நீரில் அலசும்போது அரிசியை முந்திக்கொண்டு கல் அடியில் தங்கும். ஆகவே உட்புறம் வரி கீறிய அரிக்கன்சட்டியில் அரிக்கிறோம். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், அரித்தல், சலித்தல் என்று இதற்கு நம் மொழியில்தான் எத்தனை சொற்கள்!

குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் வங்காளதேசத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை அறிய வேண்டும். அங்கே மத்லப் என்னும் பகுதியின் கிராமங்களில், பழைய புடவைத் துணியை மடித்து அதன் வழியாகக் குடிநீரை வடிகட்டச் செய்தார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. காலராக் கிருமி துணிக்கு அகப்படாத அளவு சிறியதுதான். ஆனால் அது நீரில் வாழும் நுண்ணிய ஜந்துக்களின்மேல் ஒட்டிக்கொண்டு பிரயாணம் செய்கிறது. அந்த ஜந்துக்கள் துணியில் சிக்கிவிடுகின்றன. புதுப் புடவையைவிடப் பலமுறை துவைத்த புடவையே மேல். அதன் இழைகள் விரிந்து இடைவெளியை நெருக்கிவிடுகின்றன. இருந்தாலும், வடிகட்டியது போதும் என்று கொதிக்க வைப்பதை விட்டுவிடலாகாது.

துணிக்கு அகப்படாத வேறொன்று, நீரில் கரைந்த உப்பு. அதற்கு வெயிலே கருவி. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் இருக்கின்றன. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்ஸமும் படிகின்றன; பிறகு சமையல் உப்பு விளைகிறது; கசப்பான மக்னீஷிய உப்புக்கள் மிஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன. தக்க சமயத்தில் அந்நீரை வடித்துவிடுவதே உப்பளத் தொழிலாளியின் சாமர்த்தியம். சூரியன் இலவசமாகச் செய்யும் இக்காரியத்தை ஏழை தன் கையால் செய்துகொண்டால் குற்றம் என்றது அன்றைய அந்நிய சர்க்கார். அதற்குப் பதில் சொல்லவே 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள்.

இனி அந்தக் கறுப்பு விதைகளுக்கு வருவோம். கடுகு வயல்களில் பிரம்மதண்டு என்னும் முட்செடி களையாக முளைப்பதுண்டு. அதன் விதை அளவிலும் நிறத்திலும் கடுகை ஒத்தது. ஆனால் கடுகு வழவழப்பானது. பிரம்மதண்டு விதையின் மேல்தோல் சொரசொரப்பானது. விதையாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எண்ணெயாகிவிட்டால், இரண்டையும் பிரிக்கச் சல்லடையும் இல்லை, துணியும் இல்லை. காய்ச்சினாலும் விஷம் விலகாது. 1998-ஆம் ஆண்டில் டில்லியிலும் சுற்றுப்புறத்திலும் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து விற்கப்பட்டது. உண்டவர்களுக்குக் கால் வீங்கிற்று, மூச்சுத் திணறிற்று, இருதயம் பழுதாயிற்று. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ஆகவே வாசகர்களே, பிரிக்க வேண்டியதைப் பிரிக்க ஒரு காலம் உண்டு. அது அரைப்பதற்கும், கரைப்பதற்கும், ஆட்டுவதற்கும் முன்னால். தூளாகவும் எண்ணெயாகவும் வாங்கும் நாம் அந்தக் காலத்தை முகமறியாத ஒருவருடைய யோக்கியப் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். கூடியமட்டும் முழுதாக வாங்குங்கள். நல்ல வெளிச்சத்தில் பரப்பிப் பாருங்கள்.

நம் வீட்டு முறம் மறுபடி பரணுக்குப் போகவில்லை. சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறோம்.