எஞ்சின் கிடைத்திருந்தால்

கற்பனை விமானத்துக்கு மாடல் கட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. கண்டதை எடுத்து ஒட்டினால் போயிற்று, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்த விமானத்தைக் கட்டுகிறவருக்குப் படம் உண்டு, அளவு உண்டு. இல்லாத விமானத்தைக் கட்டுகிறவர்தான் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இந்தச் சிறகு ஏன்? இந்த எஞ்சின் எந்த வருஷத்தில், யார் கையில் இருந்தது? பதில் இல்லாத துண்டு என் மேஜையில் ஒட்டப்படுவதில்லை.

வீடு பாறசாலையில், களியக்காவிளைக்கு இந்தப் புறம். கட்டி முடித்திருப்பது எச்.எஃப்.-73. இந்தியாவில் வரைந்தார்கள், பறக்கவில்லை. தாளோடு நின்றுபோன போர் விமானம் அது. ஐந்தாறு நாட்டு விமானங்களின் கிட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளால் அதைக் கட்டியிருக்கிறேன்.

இதன் கதை மாருத்திலிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊருக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவே மாநில எல்லை விழுந்த அதே 1956-இல்தான் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். எச்.ஏ.எல். நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து அவர் வரைந்த எச்.எஃப்.-24 மாருத் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்கு வரைந்த உடல் அது. ஆனால் அதற்கென்று நினைத்திருந்த எஞ்சினான மேம்பட்ட ஆர்ஃபியஸ் வரவில்லை. பிரிட்டன் அதைக் கைவிட்டது. மேம்பாட்டுச் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. கிடைத்தது ஆர்ஃபியஸ் 703. ஒன்றுக்கு ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசை. இரண்டைப் பொருத்தியும் மாருத் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மாருத்தின் வாழ்க்கை முழுக்க எஞ்சின் தேடலாகவே கழிந்தது. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் இ-300 என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். மாருத் ஒன்றை அங்கே அனுப்பினோம். ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் இ-300 என்று இரண்டு சாதி எஞ்சினோடு 1967-இல் அது பறந்தது. இரண்டே ஆண்டில் அந்த முயற்சியும் ஓய்ந்தது. இங்கே, ஆர்ஃபியஸிலேயே உந்துவிசை கூட்டும் ஆஃப்டர்பர்னர் சேர்த்துப் பார்த்தார்கள். 1970 ஜனவரி 10 அன்று அந்தச் சோதனை விமானம் புறப்பட்ட உடனேயே விழுந்து நொறுங்கியது. முதல் மாருத்தை ஓட்டிய அதே சுரஞ்சன் தாஸ்தான் அதையும் ஓட்டினார். பெங்களூரில் அவர் பெயரில் இன்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசாரச் சொல்வேன்.

இத்தனைக்கும் அது உதவாத விமானமில்லை. 1971 போரில் உத்தர்லாய், ஜோத்பூர் தளங்களிலிருந்து பறந்து பாலைவனப் போர்முனையில் தன் வேலையைச் செய்தது. மொத்தம் 147 கட்டினார்கள்.

எச்.எஃப்.-73 கடைசி முயற்சிகளில் ஒன்று. ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையோடு, மாருத்தின் வழியில், ஆர்.பி.199 எஞ்சினை மனதில் வைத்து வரைந்தார்கள். டொர்னாடோ விமானத்துக்காகப் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் அது. தடிமனில் ஆர்ஃபியஸைவிடச் சற்று மெலிவு. ஆஃப்டர்பர்னரோடு உந்துவிசை ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்த பொறியாளர் எவருக்கும் கை பரபரத்திருக்கும். ஆனால் திட்டம் நின்றது. 1978-இல் வெளிநாட்டு ஜாகுவார் விமானத்தை வாங்குவதென்று முடிவானது.

இனி மேஜைக்கு வருகிறேன். அளவு 72-இல் ஒரு பங்கு. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், அதாவது மாடலில் 22 சென்டிமீட்டர். உடலுக்கு அமெரிக்க எஃப்-5இ கிட்டை எடுத்தேன். இரட்டை எஞ்சின், பக்கவாட்டில் காற்றுவாய், நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடல் என்று சாயல் ஒத்துவருகிறது. நீளம் 20 சென்டிமீட்டர்தான். காக்பிட்டுக்குப் பின்னால் அறுத்து, பிளாஸ்டிக் ஷீட்டை வளையம் வளையமாக அடுக்கி நீட்ட வேண்டியிருந்தது. எஃப்-5இன் எஞ்சின்கள் ஒல்லி. ஆர்.பி.199 உள்ளே இருப்பதாகச் சொல்ல வேண்டுமானால் பின்பக்கம் அகல வேண்டும். அதனால் முதுகையும் வயிற்றையும் நெடுக அறுத்து, நடுவே அரை சென்டிமீட்டருக்கு மேல் பட்டை வைத்தேன். வால் முனையில் டொர்னாடோ கிட்டின் எஞ்சின் குழல்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அதே எஞ்சின், அதே குழல்.

சிறகு ஹாக்கர் ஹன்டருடையது. பின்னோக்கிச் சாய்ந்த அதன் வீச்சு மாருத்தை நெருங்குகிறது. நுனியை வெட்டிக் குறைத்து, உடலின் அடிப்பாகத்துக்கு இறக்கிப் பொருத்தினேன். காற்றுவாய்க்குள் இருக்கும் அரைக்கூம்புகள் மிராஜிலிருந்து வந்தவை. இடைவெளிகளை ஃபெவிக்விக்கும் டால்கம் பவுடரும் குழைத்து அடைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கல் மாதிரி இறுகும் முன்னே தேய்த்துவிட வேண்டும். பின்பாரம் அதிகமாகி மாடல் குந்திவிடாமலிருக்க மூக்குக்குள் ஈயம் வேண்டும். பூவாறில் வலைக்குக் கட்டும் ஈயமணி வாங்கிவந்து நசுக்கித் திணித்தேன்.

இந்தக் கட்டத்தில் விமானத்தைப் பார்க்க வேண்டும். உடல் வெள்ளை, சிறகு சாம்பல், குழல் பச்சை, நடுநடுவே ஷீட்டின் பட்டைகள். எது எங்கிருந்து வந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பிரைமர் ஒரு பூச்சு அடித்து அரைமணி கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மொத்தமும் ஒரே உடல். ஒட்டிய இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் மறுபடி தேய்ப்பு. எங்கள் ஊரில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். அதனால் அடிக்கிற வேலையெல்லாம் மாசி, பங்குனியில்தான்.

எதிர்வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இது எந்த நாட்டு பிளேன்?"

"நம்ம நாட்டுதுதான் மக்ளே. ஆனா பறக்கல்ல."

"உள்ள எல்லாம் வேற வேற நாட்டு சாமானில்லா?"

சரியான கேள்வி. அவனுக்குத் தும்பாவைச் சொன்னேன். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அது சுமந்துபோன சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸினுடையது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் மேகம் படர்ந்தது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே இரவல் ராக்கெட்டோடு தொடங்கியவர்கள் சொந்தமாக எஞ்சினும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதற்குக் காலமும் பணமும் கொடுத்தோம். மாருத்துக்கு அந்தப் பொறுமையை நாம் காட்டவில்லை. உடலைக் கட்டத் தெரிந்த நாடு எஞ்சினுக்காக வாசல் வாசலாக நின்றது என்பதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மாடலை அந்த வருத்தத்தோடுதான் கட்டினேன்.

பெயிண்ட், பாலைவனத்துக்கு ஏற்ற பச்சையும் மண்நிறமும். மாருத்தைப் பறக்கவிட்ட 220-ஆம் ஸ்குவாட்ரனின் விமானமாக வைத்துக்கொண்டேன். அடிப்பலகையில் 'கற்பனை; இப்படி ஒன்று பறந்ததில்லை' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பத்து வருஷம் கழித்து யாரோ படம் பிடித்து வரலாறு என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது எகிப்துக்குப் போன மாருத். அது கற்பனையில்லை; ஆனால் இருபக்கமும் வேறு வேறு குழல் வேண்டும். ஆர்ஃபியஸுக்கு வழி கிடைத்துவிட்டது: நம் விமானப்படையின் நாட் விமானத்திலும் அதே குடும்பத்து எஞ்சின்தான், அதன் கிட்டிலிருந்து ஒரு குழல் எடுத்துக்கொள்ளலாம். இ-300-க்குத்தான் குழாய் உருட்ட வேண்டும். நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பாதி கட்டிய நாட் கிட் கிடந்தால் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். சிறகு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, வால்பக்கம் இருந்தால் போதும்.