சேமநிதியும் சடங்குச் செலவும்

நமது நாட்டில் மாதச் சம்பளம் வாங்கிப் பிழைக்கின்ற ஒருவரைப் பார்த்து, "அய்யா, வேலையை விட்டு நின்ற பிறகு சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றே வருகின்றது. ஒன்று, "பையன் இருக்கிறான்" என்பது. மற்றொன்று, ஆகாயத்தைக் கைகாட்டி, "அவன் இருக்கிறான்" என்பது. மேலே இருப்பதாகச் சொல்லப்படுகின்றவன் இதுவரை எந்தக் கிழவருக்காவது மாதம் முதல் தேதியில் மணியார்டர் அனுப்பியதாக நமக்குத் தெரியவில்லை. பையன் விஷயமோவென்றால், பெற்றோருக்குச் சோறு போடாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுப்பதற்கென்று 2007ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஒரு தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்துவிட்டது என்பதிலிருந்தே அதன் யோக்கியதையை அறிந்துகொள்ளலாம்.

பையன் கெட்டவன் என்று நாம் சொல்ல வரவில்லை. அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கின்றது. அவன் பிள்ளைக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கின்றது. அநேகமாக அவன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் அவன் தலையிலேயே இருக்கின்றது. தகப்பன் தன் கிழத்தனத்துக்கென்று சேர்ந்த பணத்தை மகன் கல்யாணத்திலும் மகள் சடங்கிலும் கொட்டிவிட்டு, பிறகு அந்த மகனிடமே சோற்றுக்குக் கையேந்துவதும், மகனும் தன் முறை வந்தபோது அதே வேலையைச் செய்வதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றது. இது தலையெழுத்தினால் நடக்கின்றதா அல்லது நமது கையெழுத்தினால் நடக்கின்றதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நமது ஆசை.

பி.எப். என்று எல்லோரும் சொல்லுகின்ற வருங்கால வைப்பு நிதி, 1952ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டது. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 ரூபாய் பிடிக்கப்படுகின்றது. முதலாளியும் 12 ரூபாய் போட வேண்டும். முதலாளி போடுவதில் 8.33 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விட, மிச்சம் தொழிலாளியின் பணத்தோடு சேர்ந்து வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக வளருகின்றது. 2023-24லும் 2024-25லும் இதற்கு 8.25 வீதம் வட்டி கொடுக்கப்பட்டது. பென்ஷன் வருகின்றதே, பிறகு என்ன கவலை என்று சிலர் சொல்லுகின்றார்கள். 1995ஆம் வருஷத்து அந்தப் பென்ஷன் திட்டத்தின் கணக்கு என்னவென்றால், சம்பளத்தை வேலை செய்த வருஷங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பதாகும். அந்தச் சம்பளத்துக்கும் 2014இல் 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். அதன்படி முழுசாக 35 வருஷம் கணக்கில் ஏறினாலும் கிடைப்பது மாதம் 7,500 ரூபாய்தான். பல கம்பெனிகளில் மாறி மாறி வேலை செய்து, இடையிடையே கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு அதுவும் இல்லை. அதே 2014இல்தான் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இந்த ஆயிரத்தைக் கொண்டு ஒரு கிழவர் சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்குவதா, அரிசி வாங்குவதா என்பதைத் திட்டம் போட்டவர்களே சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு உண்மையான பிடிமானம், 58ஆவது வயதில் கைக்கு வரும் அந்த மொத்தத் தொகையேயாகும். அதுதான் இடைவழியில் காணாமல் போகின்றது.

எப்படிப் போகின்றது என்று பாருங்கள். ஒருவருக்கு 35 வயது; அவர் மகள் வயதுக்கு வருகின்றாள். ஒரு பெண் குழந்தையின் உடம்பில் இயற்கையாக ஏற்படுகின்ற ஒரு மாறுதலை, மண்டபம் பிடித்து, மேளம் வைத்து, அக்குழந்தையின் படத்தைப் பத்தடி உயரத்துக்குத் தெருமுனையில் கட்டி ஊருக்கெல்லாம் பறையடிக்கின்றார்கள். (அந்தக் குழந்தை மறுநாள் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போகும் என்று கேட்பாரில்லை.) இதற்காக வீடு என்றோ வியாதி என்றோ ஏதோ ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்து பி.எப்.பிலிருந்து 2 லட்சம் எடுக்கின்றார். அவர் 2 லட்சம் செலவு செய்ததாக நினைத்துக்கொள்ளுகின்றார். அந்தப் பணம் 8 வீத வட்டியில் இன்னும் 23 வருஷம் அங்கேயே கிடந்திருந்தால் 58ஆவது வயதில் 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். விலைவாசியும் கூடவே ஏறுமே என்றால், ஏறட்டும். வருஷம் 6 வீதம் ஏறுவதாக வைத்துக் கழித்துப் பார்த்தாலும் இன்றைய மதிப்பில் 3 லட்சம் தேறும். கிழவரும் கிழவியும் சிக்கனமாய் ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணத்தை, ஊரார் ஒரு பகல் வேளையில் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்கள்!

பிறகு மகள் கல்யாணம் வருகின்றது. கல்யாணத்துக்கென்று எடுக்கச் சட்டமே இடம் கொடுக்கின்றது. 2025 அக்டோபரில் அந்த நிதியின் அறங்காவலர் குழு கூடி, கல்யாணத்துக்கு அய்ந்து தடவை வரையில் எடுக்கலாம் என்று தாராளம் காட்டி, அதே மூச்சில் நூற்றுக்கு 25 பங்கு எப்போதும் கணக்கில் இருந்தாக வேண்டும் என்றும் தீர்மானித்தது. எடுக்க விட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருக்கின்றது. இந்தப் பணம் போதாமல் வெளியில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு 5 லட்சம் வாங்கினால், மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். 50 மாதம் கட்டினால் வாங்கிய 5 லட்சமும் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். வருஷம் 8 ரூபாய் வட்டி சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தை அழித்துவிட்டு, வருஷம் 24 ரூபாய் வட்டி கேட்கும் பணத்தை வீட்டுக்குள் அழைத்து வருகின்ற இந்தக் காரியத்தை ஒரு பெட்டிக் கடைக்காரர் தன் வியாபாரத்தில் செய்வாரா? செய்ய மாட்டார். வீட்டுக் காரியம் என்று வந்ததும் அவரும் செய்கின்றார்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் எச்சரிக்கையாகச் சொல்லிவைத்ததை நம் மக்கள் சவாலாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேட்டால், "ஊர் என்ன சொல்லும்?" என்கின்றார்கள். ஊர் 70 வயதில் உங்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்குமா என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம்.

மொய் வருகின்றதே, செலவில் பாதி திரும்பிவிடுமே என்று சொல்லுவார்கள். மொய் வரவு அல்ல, கடன். புதுக்கோட்டை ஜில்லாவிலும் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, நோட்டுப் போட்டு எழுதி, வாங்கினதற்குமேல் கூட்டித் திருப்பிச் செய்வது வழக்கம். அங்கே அதைக் கைமாற்று என்று தெரிந்தே, தொழில் முதலுக்காகவும் கிணறு வெட்டவும் வாங்குகின்றார்கள். அந்த அளவில் அது நாணயமான ஏற்பாடுதான். மற்ற இடங்களில் அதையே இனாம் என்று நினைத்து விருந்திலேயே தீர்த்துவிடுகின்றார்கள். இதில் யாரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. 52 வயதில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டிய முறை, எழுதினவர்களின் பேரன் பேத்திகளுக்குக் காதுகுத்தும் கல்யாணமும் வருகின்ற போது, அதாவது நமது சம்பளம் நின்ற பிறகே பெரும்பாலும் வருகின்றது. பென்ஷன் வாங்கும் கிழவர்கள் வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதை நாம் நேரில் பார்த்திருக்கின்றோம்.

நகை விஷயத்தில் நம்மோடு சண்டைக்கு வருகின்றவர்கள் அநேகர். பவுன் விலை எவ்வளவு ஏறிவிட்டது பார்த்தீர்களா என்பார்கள். ஏறியிருக்கின்றது, இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் லாபம் என்பது விற்கின்றவனுக்குத்தானே? தாலிக்கொடியையும் மகள் சங்கிலியையும் விற்பவர் யார்? செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே ஒரு பங்கு கடைக்காரரிடம் நின்றுவிடுகின்றது. அதன்மேல் 2017 முதல் 3 வீதம் வரி வேறு. பிறகு அது வளர்வது பேங்குப் பெட்டியில் அல்ல, அடகுக் கடையில். அட்சய திருதியை அன்று வாங்கினால் வீட்டில் தங்கம் பெருகும் என்று கடைக்காரர் சொல்லுகின்றார். பெருகுவதாயிருந்தால் அவர் ஏன் அன்றைக்கு அதை விற்கின்றார்?

இனி நம்மவர்களையும் சிறிது கேட்க வேண்டியிருக்கின்றது. புரோகிதன் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்கின்ற சட்டம் 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அதைப் பலர் கூடிய இடத்தில் விளம்பரமாக நடத்த வேண்டும் என்கின்ற கட்டாயம்கூட இல்லை என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் செய்துவிட்டது. இவ்வளவு சவுகரியம் இருந்தும் நம் தோழர்கள் சிலர் அய்யரை மாத்திரம் நிறுத்திவிட்டு, குளிர்சாதன மண்டபம், ஆகாயத்தில் பறந்து படமெடுக்கும் யந்திரம், நாலு வகை இனிப்பு, நாற்பது தலைவர்கள் பேச்சு என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, இதைச் சீர்திருத்தக் கல்யாணம் என்று நமக்குப் பத்திரிகை அனுப்புகின்றார்கள். அய்யருக்குத் தட்சிணை சில ஆயிரம்; அதை மிச்சம் பிடித்து மண்டபக்காரருக்குச் சில லட்சம் கொடுப்பதில் என்ன சீர்திருத்தம் இருக்கின்றதோ நமக்கு விளங்கவில்லை.

நிற்க, இவ்வளவு பேசுகின்றீர்களே, வாய்க்கும் வயிற்றுக்குமே போதாத கூலியில் எதை மிச்சம் பிடிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கூலி போதாததற்குக் காரணம் கூலிக்காரரின் ஊதாரித்தனம் என்று சொல்லுகின்ற பணக்காரர்களோடு நமக்குச் சம்மந்தமில்லை. ஆனால் கூலி போதாது என்று சொல்லுகின்ற அதே வீட்டில் காதுகுத்துக்கும் கிடா வெட்டுக்கும் கடன் பிறந்துவிடுகின்றது என்பதையும் மறைக்க முடியாது. பி.எப். இல்லாத கட்டட வேலைக்காரர், தையற்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் முதலியவர்களுக்கென்று 2015இல் அடல் பென்ஷன் திட்டம் என்று ஒன்று வந்தது. 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் வர வேண்டுமானால், 18 வயதில் சேருகின்றவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருகின்றவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். அத்தனை வருஷம் கழித்து அந்த 5,000 ரூபாய் எத்தனை நாள் செலவுக்குக் காணும் என்பது வேறு விஷயம். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நாம் காட்ட விரும்புவது அந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். மாதம் 1,000 ரூபாயை 25 வயது முதல் 58 வயது வரை 8 வீதத்தில் போட்டு வந்தால் சுமார் 19 லட்சம்; அதையே 40 வயதில் ஆரம்பித்தால் 5 லட்சம்கூட இல்லை. இளம் வயதுக்காரர் கைப்பேசிக்கும் வண்டிக்கும் தவணை கட்டுவதில் காட்டுகின்ற ஒழுங்கை இதில் காட்டினால், 58ஆவது வயதில் எந்த மகனுடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பெண்கள் சங்கதி. வீட்டில் நாற்பது வருஷம் உழைக்கின்ற பெண்ணுக்குச் சம்பளமும் இல்லை, பி.எப்.பும் இல்லை, ஓய்வும் இல்லை. கஷ்டம் வந்தால் முதலில் அடகுக்குப் போவது அவள் கழுத்தில் இருப்பது. புருஷன் இறந்தால் அவளுக்குக் கிடைக்கின்ற பென்ஷன் அவர் வாங்கினதில் பாதியே. அவருடைய பேங்குக் கணக்கு எத்தனை, கடன் எத்தனை, இன்ஷ்யூரன்ஸ் கட்டினாரா இல்லையா என்பதைக் கருமாதிக்குப் பிறகு பீரோவைக் குடைந்துதான் அவள் தெரிந்துகொள்ளுகின்றாள். இதைப் படிக்கின்ற ஆண் தோழர்கள் தங்கள் கணக்குகளை மனைவியின் முன் விரித்து வைத்து ஒரு தரம் படித்துக் காட்டட்டும். அவள் பெயரில் தனியாக ஒரு சேமிப்பும் ஆரம்பிக்கட்டும். அப்படியே பி.எப். கணக்கில் வாரிசு நியமனம் என்கின்ற இடத்தில் யார் பெயர் இருக்கின்றது என்றும் பார்க்கட்டும். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர்கள் அநேகருக்கு அங்கே இன்னும் தாய் தகப்பனார் பெயரே இருக்கும். கல்யாணம் ஆனவுடன் அந்தப் பழைய நியமனம் செல்லாததாகிவிடும் என்பதும், புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி.