குதியுயர்ந்த பாதரட்சை

ஆண்டுதோறும் இம்மலரில் கல்வியின் மாண்பு, தாய்மொழிப் பற்று, காலத்தின் அருமை என்னும் பொருள்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளிவருவது வழக்கம். அவற்றை எழுதுவோரும் படிப்போரும் தத்தம் காலில் அணிந்துள்ள பொருளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கண்டிலம். செருப்பைப் பற்றி எழுதுதல் ஒரு கல்லூரி மலருக்குத் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பகற்பொழுது முழுதும் நம் உடற்பாரத்தைத் தாங்கி நிற்பது யாது? தகாதென்போர் ஒரு நாள் பிறர் செருப்பை மாறி அணிந்து நடந்து பார்ப்பாராக.

நம் கல்லூரி மகளிரிற் பலர் கல்லூரி நாளிலும், பட்டமளிப்பு விழாவிலும், வேலை நாடிச் செல்லும் நேர்முகத் தேர்விலும் குதியுயர்ந்த பாதரட்சை அணிகின்றனர். ‘ஹை ஹீல்ஸ்’ என்று யாவரும் வழங்குவது இதனையே. சிலர் அதனை அணிந்து அன்னமென நடக்கின்றனர். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கின்றனர். இவ்விரு திறத்தார்க்கும், இவர்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர்க்கும் நாம் சொல்ல வேண்டுவன சில உள.

முகஞ்சுளிப்போரை முதற்கண் கவனிப்போம். இவ்வழக்கம் பெண்களின் வீண் ஆடம்பரத்திற் பிறந்தது என்பது அவர்கள் கொள்கை. சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. பாரசீக நாட்டுக் குதிரை வீரர், குதிரை பாய்ந்தோடுகையில் அங்கவடியில் எழுந்து நின்று அம்பெய்யுங்கால், கால் நழுவாமல் மாட்டிக்கொள்ளும் பொருட்டுக் குதி வைத்த காலணி அணிந்தனர். 1599-ஆம் ஆண்டில் பாரசீக மன்னராகிய முதலாம் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூது விடுத்தார். அக்காலத்தையொட்டி அந்நாட்டுப் பிரபுக்களும் குதியுயர்ந்த காலணியை வீரத்திற்கு அடையாளமாக மேற்கொண்டனர். குதிரையேறாத பிரபுவும் அதனை அணிந்தான் என்க. பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னரை இரிகோ என்னும் ஓவியர் 1701-ஆம் ஆண்டில் தீட்டிய படம் பாரிஸ் மாநகரத்து லூவர் காட்சிச்சாலையில் உளது. வெண்பட்டுக் காலுறையும் செந்நிறக் குதியும் தோன்ற ஒரு காலை முன்வைத்து, நாட்டியத்திற்கு நிற்பார்போல் அம்மன்னர் நிற்கின்றார். செங்குதி அவரது அவையினர்க்கே உரிய சின்னமாகவும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்மக்கள் இதனைக் கைவிட்டனர். தாம் கழற்றியெறிந்ததைப் பெண்மக்கள் அணியக் கண்டு இப்பொழுது நகைப்பது எங்ஙனம் நியாயமாகும்?

நிற்க, உயரம் என்பது ஒன்று, சரிவு என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் பகுத்தறியாமையே காலில் வருந்துன்பங்களிற் பெரும்பாலனவற்றிற்குக் காரணமென்பது நம் கருத்து. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் வெனிஸ் நகரத்துச் சீமாட்டிகள் கட்டைமேற் கட்டை வைத்தாற்போன்ற மிதியடிகளை அணிந்தனர். அரை மீட்டர் உயர்ந்தனவும் அவற்றுள் உண்டு. தோழியர் தோளைப் பற்றியே அவர்கள் தெருவில் நடந்தனர். நம் நாட்டுத் துறவிகள் அணிந்த பாதக்குறடும் தரையினின்று உயர்ந்ததே. ஆனால் இவற்றில் விரலும் குதியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உயர்கின்றன. பாதம் கிடையாகவே கிடக்கின்றது. விழுந்தால் அடிபடுமேயன்றி, நிற்கும்பொழுது விரல்கள் நசுங்குவதில்லை. இக்காலக் குதியுயர்ந்த செருப்போ குதியை மட்டும் உயர்த்துகின்றது. ஆகவே கடையில் ஒரு சோடியை எடுத்துப் பார்ப்போர் குதி எத்துணை உயரம் என்று மட்டும் பார்த்தல் போதாது. முன்பகுதியின் கனத்தைக் கழித்து எஞ்சுவதையே பார்த்தல் வேண்டும். நான்கு அங்குலக் குதியாயினும் முன்னட்டை ஓர் அங்குலக் கனமாயின், பாதம் அறிவது மூன்றங்குலமே.

இதனை நன்கறிந்து தொழில் செய்தவர் இத்தாலிய நாட்டுச் சல்வத்தோரே பெரகாமோ என்பவர். அவர் 1898-ஆம் ஆண்டில் பொனித்தோ என்னும் சிற்றூரிற் பிறந்து, இளமையில் அமெரிக்கா சென்று, திரைப்பட நடிகையர்க்குக் காலணி செய்தவர். தாம் செய்த அழகிய காலணிகள் கால்களை ஏன் வருத்துகின்றன என்று வினவி, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பயின்றார். நிமிர்ந்து நிற்பவரது பாரம் உள்ளங்கால் வளைவின்மேல் வந்து விழுகின்றதென்று கண்டு, அவ்வளைவைத் தாங்கும்படி ஓர் எஃகுத் தகட்டைக் காலணியினுள் வைத்தார். பின்னர்த் தம் நாடு திரும்பித் தொழில் நடத்துகையில், 1935-ஆம் ஆண்டில் இத்தாலி எத்தியோப்பியாவின்மேற் படையெடுத்தமையால் பிறநாட்டார் வாணிகத்தடை விதிக்க, நல்ல எஃகு கிடைப்பது அரிதாயிற்று. அவர் குதிக்கும் விரலுக்கும் இடைப்பட்ட வெளி முழுவதையும் தக்கையால் நிரப்பிவிட்டார். இன்று நம் மாணவியர் ‘வெட்ஜ்’ என்று கேட்டு வாங்கும் செருப்பு இங்ஙனம் தோன்றியதே. 1950-களில் எஃகின் உதவியால் ஊசிபோன்ற குதி எழுந்தது. அதற்கு இட்ட ‘ஸ்டிலெட்டோ’ என்னும் பெயர் இத்தாலிய மொழியில் ஒரு சிறு குத்துவாளைக் குறிப்பது. பெயரிட்டவர் பொய் சொல்லவில்லை.

பௌதிகம் பயில்வோர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவி ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒற்றைக் குதியின்மேல் ஒரு கணம் ஊன்றுவாளாயின், அவ்விடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் பாரம் விழும். நாலாயிரம் கிலோகிராம் எடையுள்ள யானை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நாற்காலும் ஊன்றி நிற்குங்கால், அதன் அடியில் விழுவது ஒரு கிலோகிராமே. கிரேக்க நாட்டார் தம் பழம்பெருங் கட்டடங்களில் இத்தகைய குதியுடன் நுழைதலை 2009-ஆம் ஆண்டில் தடுத்தனர். கல்லுக்கு இரங்கினார், நன்று.

இனி உடலைப் பற்றிச் சிறிது. குதி உயர உயரப் பாரம் முன்பாதத்திற்கு நகர்கின்றது. முனை குறுகிய காலணியாயின் விரல்கள் ஒன்றன்மேலொன்று நெருங்கி, பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்கின்றது. இது யாவரும் அறிந்தது. அறியாதது ஒன்றுண்டு. அகன்ற குதியாயின் தீங்கில்லை என்பது பலர் நம்பிக்கை. கணுக்கால் புரண்டு சுளுக்காமைக்கு அகன்ற குதி உதவுவது மெய்யே. முழங்காலுக்கோ அஃது உதவுவதாகத் தோன்றவில்லை. 1998-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், வெறுங்காலுடன் நடப்பதினும் குதியுயர்ந்த காலணியுடன் நடக்கும்பொழுது முழங்காலின் உட்புறத்தை அழுத்தும் முறுக்கு விசை நூற்றுக்கு 23 அளவு மிகுதல் கண்டு வெளியிட்டனர். 2001-ஆம் ஆண்டில் அவர்களே அகன்ற குதியையும் சோதித்து, அதனிலும் விசை ஏறக்குறைய அவ்வாறே மிகுகின்றதெனக் கண்டனர்.

இதனினும் நம் சிந்தையைக் கவர்ந்தது மற்றோர் ஆராய்ச்சி. “எங்களுக்குப் பழகிவிட்டது, தட்டைச் செருப்பு அணிந்தாற்றான் கால் வலிக்கின்றது” என்று சொல்லும் பெண்மணிகளை நேயர்கள் கண்டிருப்பர். அவர்கள் கூறுவது முற்றும் மெய். 2010-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளரும் அவர்தம் கூட்டாளிகளும், ஈராண்டுகளுக்குக் குறையாது வழக்கமாக உயர்ந்த குதி அணிந்து பழகிய பெண்களின் கால்களை அளந்தனர். அவர்தம் கெண்டைக்காற்றசையின் நார்கள் ஏனையோர் நார்களினும் நூற்றுக்கு 13 அளவு குறுகியிருந்தன. தசையைக் குதியெலும்போடு பிணைக்கும் நாணும் தடித்து விறைத்திருந்தது. குறுகிய தசையைத் தட்டைச் செருப்பு இழுக்கின்றது, ஆகவே வலிக்கின்றது. சுகம் என்று நாம் எண்ணுவது சில வேளைகளில், செருப்பு காலுக்கேற்ப அமைந்ததன் அடையாளமன்று. கால் செருப்புக்கேற்ப அமைந்துவிட்டதன் அடையாளம்.

ஆகவே இவற்றைக் குப்பையில் எறிக என்பது நம் கருத்தோ? அன்று. பட்டுப் புடைவை அணிவோர் அதனை நாடோறும் அணிவதில்லை. நாடோறும் அணியாமையால் அதன் சிறப்புக் குன்றுவதுமில்லை. உயர்ந்த குதியும் அத்தகையதே. விழா நாளில் இரண்டொரு மணி நேரம் அணிவதால் தசை குறுகிவிடாது. ஆனால் அணியுமுன் கற்க வேண்டியது ஒரு கலை உண்டு. செருப்பை மாலையில் வாங்குக. பகல் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், விழாவும் மாலையிற்றான் நடைபெறும். இரு காலுக்கும் அணிந்து, கடையின் கம்பளத்தை விட்டுக் கடுந்தரையில் நடந்து பார்க்க. குதிக்கட்டை நம் குதியெலும்பின் நடுவே நேர்கீழாக நிற்கின்றதா என்று பின்னிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லுதல் நலம். பின்னோக்கித் தள்ளி நிற்குமாயின், விலை எத்துணைக் குறைவாயினும் அதனை விட்டுவிடுக. கணுக்காலைச் சுற்றி ஒரு வார் இருப்பின், செருப்பு கழலாதிருக்க விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டுவதில்லை. விழாவிற்கு முன் ஒரு வாரம் வீட்டில் நாடோறும் கால்மணி நேரம் அணிந்து உலாவுக. முதல் நாள் வாங்கி மறுநாள் மேடையேறுவோர்க்கு நாம் சொல்லத்தக்கது இரக்கமொன்றே.

நடையின் இரகசியம் அடி குறுகி வைத்தலில் உளது. தட்டைச் செருப்பில் வைக்கும் நீண்ட அடியை இதிலும் வைப்போர் முழங்காலை மடக்கி, முன்னே குனிந்து, கோழி நடப்பதுபோல் நடக்க நேரும். குதியை மெல்ல ஊன்றி, உடனே முன்பாதத்தை ஊன்றி, தலையையும் மார்பையும் நிமிர்த்தி, தரையை நோக்காது சற்றுத் தொலைவை நோக்கி நடத்தல் வேண்டும். படியேறும்பொழுது முன்பாதம் முழுதும் படிமேற் பதிய வைத்து, இறங்குங்கால் ஒருபுறம் சற்றே திரும்பிக் கைப்பிடியைப் பற்றுவதில் இழுக்கொன்றுமில்லை. புல்தரையிலும் சரளைக்கல்லிலும் ஊசிக்குதி பயன்படாது. அங்கே கலை தோற்கும். கைப்பையில் ஒரு தட்டைச் செருப்பும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதியைக் கீழிறக்கிக் கெண்டைக்காலைச் சிறிது நேரம் நீட்டுதல் நன்று.

துணிவைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். உயர்ந்த குதி துணிவைத் தரும் என்று விற்போர் கூறுகின்றனர். அரையடி உயர்ந்து நிற்போர்க்குப் பிறர் கண்ணை நேரே நோக்கல் எளிதாதல் கூடும். இதனை நாம் மறுக்கவில்லை. எனினும் கழற்றிவைக்கும் உரிமை இல்லாத இடத்தில் அணிவதைத் துணிவென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இலண்டன் மாநகரத்து நிறுவனமொன்றில் வரவேற்பாளர் வேலைக்கு வந்த ஒரு பெண்மணி, தட்டைக் காலணி அணிந்திருந்தமையால் ஊதியமின்றித் திருப்பியனுப்பப்பட்டார். இச்செய்தி பரவ, 1,50,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்று பாராளுமன்றத்தை அடைந்தது. பாராளுமன்றக் குழுவினர் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை வெளியிட்டனர். அரசாங்கத்தாரோ, இருக்கும் சட்டமே போதுமென்று புதுச்சட்டம் இயற்றாது விடுத்தனர். அதே ஆண்டில் கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன் தேசமும், வேலையிடங்களில் பெண்களை உயர்ந்த குதி அணியுமாறு கட்டாயப்படுத்தலாகாதென்று விதித்தன.

ஜப்பானில் நிகழ்ந்தது இன்னும் சுவையுடையது. அந்நாட்டு மொழியில் காலணிக்குக் ‘குட்ஸு’ என்று பெயர்; வேதனைக்கும் ஏறக்குறைய அவ்வொலியே. இச்சிலேடையைக் கொண்டே ‘குட்டூ’ என்றொரு கிளர்ச்சி 2019-ஆம் ஆண்டில் எழுந்தது. தொழில் அமைச்சர், வேலைக்கு அவசியமும் தகுதியுமென்று சமூகம் ஏற்றுக்கொண்ட அளவில் அவ்விதி பொருந்துமென்ற கருத்துப்பட விடையிறுத்தார். சமூகம் என்று அவர் கூறியதில் காலுடையோர் சேர்க்கப்பட்டனரோ, அறியோம். அடுத்த ஆண்டே அந்நாட்டுப் பெரிய விமானக் கம்பெனியொன்று தன் பணிப்பெண்களுக்கு அவ்விதியை நீக்கிவிட்டது. விமானங்கள் முன்போலவே பறக்கின்றன.

இக்கல்லூரியிற் பயின்று இன்று அலுவலகங்களிலும், வங்கிகளிலும், விடுதிகளிலும் பிறரை வேலைக்கு அமர்த்தும் பதவியில் உள்ள பழைய மாணவர் இம்மலரைப் படிப்பர். தங்கள் விதிப்புத்தகத்தில் பெண்களின் காலணி பற்றி ஏதேனும் எழுதப்பட்டுளதா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். எழுதப்படாத விதியாயின் அதனைக் கண்டறிதல் இன்னும் கடினம். வாயிலில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் தெரியும்.

நம் கல்லூரி அதிகாரிகட்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பட்டமளிப்பு விழாவிற்கென அனுப்பும் அறிவிப்பில் ‘முறையான காலணி’ என்று ஒரு தொடர் காணப்படுகின்றது. தட்டைக் காலணியும் முறையானதே என்று அதன் அருகில் ஒரு வரி சேர்த்தல் நலம். மேடைக்கு ஏறும் ஐந்து படிகளுக்கும் கைப்பிடி இல்லை. நீண்ட அங்கியும் உயர்ந்த குதியுமாக அப்படிகளில் ஏறும் மாணவியரைக் கண்டு பெற்றோர் மூச்சடக்கி நிற்கின்றனர். ஒரு மரக்கைப்பிடி செய்ய நம் தச்சுப்பட்டறைக்கு ஒரு நாட்பொழுது போதும். விழாவிற்கு இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன.