குளிர்நீர்க் காவல்

மரக்காணத்து உப்பளத்தார்க்கு உவர்நீரே ஊதியம். அக்கரையில் ஆரோவில்லுக்கு அணித்தான புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ, உப்பு நீங்கிய நீர் பலர் உயிர்க்குக் காவலாகின்றது. எங்ஙனமெனின், கூறுதும்.

ஆங்குப் புற்றுநோய்க்கு எக்ஸ் கதிர் தருவது லீனாக் என்னும் துகள்முடுக்கி. அதனுள் விரையும் எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் இலக்கில் மோதுங்கால், அவற்றின் ஆற்றலில் ஒருபகுதியே கதிராகும், எஞ்சியது வெப்பமாகும். அவ்வெப்பத்தைக் குழாயிற் சுழலும் தூயநீர் அகற்றுகின்றது. நீரில் உப்பேறின் குழாய் அரிக்கும். நீரோட்டம் குன்றின் பொறி தானே நின்றுவிடும்.

நின்றால் யாது கேடு? கதிர்மருத்துவம் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாளாகப் பல வாரம் பகுத்தளிக்கப்படுவது. இடையே நாட்கள் தவறின், சிலவகைப் புற்றணுக்கள் மீண்டும் பெருகும். கூலியிழந்து வந்த ஏழை நோயாளி வறிதே திரும்புதல் தகுமோ?

இத்தகைய பொறி வாங்குநாளில் விழாவெடுக்கும் நம் நாட்டார், வடிகட்டி மாற்றுவோரையும் நீரின் வெப்பநிலை நோக்குவோரையும் நினைப்பது அரிது. வெள்ளம் வருமுன் அணை கோலுதலன்றோ அறிவுடைமை? ஆதலின், பொறியின் விலையைக் கணிக்கும்போதே அதன் ஆயுள்முழுமைக்கும் வேண்டிய பராமரிப்புச் செலவையும், பயின்ற பணியாளர் ஊதியத்தையும் உடனொதுக்கல் வேண்டுமென்பது எம் துணிபு. அறிவியல் பயிலும் தோழர்காள்! இதனைச் சிறுபணியென்று எண்ணற்க.