கீ போட்டுவிட்டால் கவலை இல்லையா?

கும்மிடிப்பூண்டி பஜாரிலோ திருவள்ளூர் ஜே.என். சாலையிலோ கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்தால், பில் போடும் நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "அண்ணா, விண்டோஸோட சும்மா வர்ற ஆன்டிவைரஸ் எதுக்கும் ஆகாது. ஒரு வருஷத்துக்குக் கீ போட்டுடுறேன். அப்புறம் கவலையே இல்ல." கடைக்காரர் ஏமாற்றுவதாக நான் சொல்லவில்லை. அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார், வாங்குகிறவரும் நம்பித்தான் வாங்குகிறார். ஆனால் அது சரியல்ல. எங்கெங்கே சரியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இந்தப் பகுதிக்கு மற்ற ஊர்களைவிட அதிகம்.

காரணம், இங்கே வீட்டுக் கம்ப்யூட்டர் வெறும் வீட்டுக் கம்ப்யூட்டர் அல்ல. சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கை ஏற்றுகிறார். காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பிள்ளை ஆன்லைன் வகுப்பு பார்த்த அதே மடிக்கணினியில் இரவு இ-வே பில் போடுகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் தொழிலாளர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அவை அங்கே இருப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

"சும்மா வருவது உதவாது" என்பதை முதலில் பார்ப்போம். ஒரு காலத்தில் அது உண்மை. 2006-இல் வந்த விண்டோஸ் டிஃபெண்டர் வேவு மென்பொருளை மட்டும்தான் தேடியது, வைரஸைத் தடுக்காது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அது முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே சேர்க்கப்பட்டது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், கடந்த சில ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரிவில் பல சுற்றுகளில் டிஃபெண்டர் ஆறுக்கு ஆறு வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் நல்ல பொருள்களும் அதே ஆறைத்தான் வாங்குகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய விண்டோஸுக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

"ஆன்டிவைரஸ் எதுவானாலும் நல்லதுதானே, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே" என்பவர்களும் உண்டு. ஆன்டிவைரஸ் கணினியின் ஆழத்தில் உட்காரும் மென்பொருள். நாம் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும், பல நேரம் நாம் போகும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும்கூட, அது பார்க்கிறது. அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அப்படித் திரட்டிய விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது அலுவலகங்களுக்கான பொருள்தான், வீட்டுக்கானதல்ல. ஆனாலும் ஆன்டிவைரஸ் என்ற பெயர் இருந்தாலே தீங்கு வராது என்று நினைப்பவர்கள் அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, "ரான்சம்வேர் வந்தால் காப்பாற்றும்." ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பதுதான் ரான்சம்வேர். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது நம் பக்கம் ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதற்குக் காசு கிடையாது. உலகம் முழுக்க அடிவாங்கியவை பெரும்பாலும் அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே காக்களூரில்தான். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கான புதுப்பிப்பு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். வீட்டுக் கணினிகளில் பதிவு செய்துகொள்பவற்றுக்கு மட்டும் மேலும் ஓராண்டு. ஆனால் அதன் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆன்டிவைரஸ் புதிதாக இருக்கும், அதற்கடியில் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். இந்த நிலையில் எந்தக் கம்பெனி கீ வாங்கினாலும் வித்தியாசம் இல்லை.

இனி வருவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. "கிராக் விண்டோஸாக இருந்தால் என்ன, மேலே நல்ல ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே." இந்த வாதம் ஒரே மூச்சில் தன்னையே மறுத்துக்கொள்கிறது. விண்டோஸையோ ஆஃபீஸையோ காசு கொடுக்காமல் திறக்கும் கிராக் மென்பொருள்கள் கேட்கும் முதல் காரியம், ஆன்டிவைரஸை நிறுத்து என்பதுதான். நிறுத்தி, கிராக்கை ஓட்டி, அது இருக்கும் ஃபோல்டரை இனி சோதிக்க வேண்டாம் என்று விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு ஆன்டிவைரஸை இயக்கிக் கையில் கொடுக்கிறார்கள். பச்சை டிக் தெரியும். ஆனால் அந்த ஃபோல்டருக்குள் என்ன நடந்தாலும் அது பார்க்காது. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, கொல்லைக் கதவு வழியாக வருகிறவரை ஒன்றும் கேட்காதே என்று சொல்லிவைப்பது போன்றது இது. வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ஸ்டாப் என்ற ரான்சம்வேர் பெரும்பாலும் கிராக் மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டுதான் பரவியது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வகைகள் பலவற்றில் அது பலிக்கவில்லை. உங்கள் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற இடத்தை இன்றைக்கே பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், சர்வீஸ் செய்தவரிடம் ஏன் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"பேங்க் பணமும் பத்திரம்" என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். பணம் போகும் வழிகளில் பலவற்றில் வைரஸே கிடையாது. வழக்கமாக இரும்பு வாங்கும் வியாபாரியின் பெயரில் மெயில் வரும்: கணக்கு எண் மாறியிருக்கிறது, இனி இதில் போடுங்கள் என்று. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கை இறக்கச் சொல்வார்கள். அது முறையான மென்பொருள், ஆகவே ஆன்டிவைரஸ் பொதுவாகத் தடுக்காது. கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் உருப்படியான வேலை செய்கின்றன. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் வழியாக அவற்றின் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள பட்டறை, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்குவது நியாயம். ஒரே ஒரு வீட்டுக் கணினி என்றால், அந்தக் காசைச் சேர்த்து, வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். வாரம் ஒருமுறை டாலி கணக்கையும் பி.எஃப். ஃபைல்களையும் அதில் நகலெடுத்து, முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கீ விற்பதற்குப் பதில் இந்த நகலெடுப்பை ஒழுங்காக அமைத்துக் கொடுத்து, அதற்குக் கூலி கேளுங்கள். நான் மனமாரக் கொடுப்பேன்.