கோடை ஃபேஷன் 2026: மிலான் மேடையேறிய செருப்பும் நம்ம வீட்டுக் கைலியும்

‘ஸ்பிரிங்/சம்மர் 2026’ ஆடைகள் கடைகளுக்கு வரும் பருவம் இது. உங்கள் இன்ஸ்டாகிராமிலும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய பருத்தி, தளர்வான கால்சட்டை, தோல் செருப்பு, கட்டம் போட்ட சட்டை.

ஜொகூர் பாருவில் இருப்பவருக்கு உடனே ஒரு கேள்வி வரும்: “நமக்குத்தான் வருஷம் முழுக்க சம்மராச்சே?”

சரியான கேள்விதான். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கும் ஊர் இது. மழை கூடும், குறையும். பகல் வெப்பம் எந்த மாதத்திலும் 30 டிகிரியைத் தொடும்.

அதனாலேயே இந்தப் பருவத்து ஃபேஷனில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் கோடைக்கு உடை தேடும்போது, வெயிலோடு வாழ்ந்து பழகிய ஊர்களின் பக்கம் பார்க்கின்றன. அங்கிருந்து ஒன்றை எடுக்கும்போது பெயர் யாருக்கு, பணம் யாருக்கு?

பிராடா செருப்பில் என்ன நடந்தது?

2025 ஜூன் 22. மிலானில் பிராடா நிறுவனத்தின் ஆண்களுக்கான கோடைக்கால ஆடைக் காட்சி. மாடல்கள் சிலர் தோல் செருப்பு அணிந்து வந்தார்கள். கால் பெருவிரலுக்கு ஒரு வளையம், மேலே பின்னல் வார். இந்தியாவில் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது: இது கோலாப்பூரி செருப்பு!

மகாராஷ்டிரா, கர்நாடகா மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்படும் செருப்பு அது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. பிராடா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. வெறும் தோல் செருப்பு என்று மட்டும் குறிப்பிட்டது.

சமூக ஊடகங்களில் கோபம் கிளம்பியது. மகாராஷ்டிர வர்த்தக சபை பிராடாவுக்குக் கடிதம் எழுதியது. அதன் பிறகுதான் இந்தியக் கைவினைக் காலணியிலிருந்து உந்துதல் பெற்றதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சட்டம் ஏன் உதவவில்லை?

புவிசார் குறியீடு முக்கியமாகக் காப்பது பெயரைத்தான். சரவாக் மிளகை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எங்கோ விளைந்த மிளகை அந்தப் பெயரில் விற்க முடியாது. மிளகு விற்பதையே யாரும் தடுக்க முடியாது.

செருப்புக்கும் அதே கதை. பிராடா ‘கோலாப்பூரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. குறியீட்டுப் பதிவு எந்த நாட்டில் இருக்கிறதோ, பாதுகாப்பும் அந்த நாட்டுக்குள்தான். மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். குறியீட்டின் உரிமையாளர்கள்தான் வர வேண்டும் என்று சொல்லி, 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

வேலை செய்தது மக்கள் கொடுத்த அழுத்தம். 2025 டிசம்பரில் இரண்டு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. அங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடி செய்வதாகவும், ஒரு ஜோடியைச் சுமார் 800 யூரோவுக்கு, 2026 பிப்ரவரியிலிருந்து விற்கப்போவதாகவும் அறிவித்தது. நம்ம கணக்கில் 4,000 ரிங்கிட்டை நெருங்கும் விலை. இந்தியச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கே கோலாப்பூரி செருப்பு கிடைக்கிறது. கைவினைஞர்களுக்குப் பயிற்சித் திட்டமும் ஒப்பந்தத்தில் உண்டு.

பெயரைச் சொன்னால் போதுமா?

பிராடா காட்சிக்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 24இல், பாரிஸில் லூயி வுய்ட்டோன் ஆண்கள் காட்சி. ஃபாரல் வில்லியம்ஸ் இந்தியாவைத்தான் கருப்பொருளாக எடுத்தார், அதை வெளிப்படையாகவே சொன்னார். மாடல்கள் நடந்த தளம் பெரிய பரமபதப் பலகை. வடிவமைத்தது மும்பைக் கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயினின் ஸ்டுடியோ. இசையில் ஏ.ஆர். ரஹ்மானும் இருந்தார்.

மூலத்தை மறைக்கவில்லை, அந்த ஊர்க் கலைஞர்களையும் கூப்பிட்டார்கள். அதனால் யாருக்கும் கோபம் வரவில்லையே, அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

பதில் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். ஜாலான் உங்கு புவானில், ராஜமாரியம்மன் கோயில் பக்கத்துத் துணிக்கடைகளில் கைலி என்று கேட்கிறோம். மலாய்க்கார நண்பர் அதே கட்டம் போட்ட துணியை ‘காயின் பெலிக்காட்’ என்பார். பெலிக்காட் என்பது ஓர் ஊர்ப் பெயர். சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு! ஆங்கிலேயர் புலிகாட் என்றார்கள், மலாயில் பெலிக்காட் ஆனது.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைப் பருத்தித் துணியைக் கப்பலேற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். துணியைக் கொடுத்து வாசனைப் பொருள் வாங்குவது அவர்களுடைய வியாபாரம்.

நானூறு வருஷமாகியும் ஊரின் பெயர் துணியைவிட்டுப் போகவில்லை. ஆனால் இன்று பழவேற்காடு என்றால் ஏரி, பறவைகள், மீன்பிடிப்பு. நம் கடைகளில் கிடைக்கும் கைலி வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் தயாராகி வருகிறது. பெயர் தங்கியது, தறி தங்கவில்லை.

மேலைநாட்டுக் கோடைச் சட்டைகளில் அடிக்கடி திரும்பி வரும் ‘மெட்ராஸ் செக்’ கட்டமும் இதே கரையில் பிறந்ததுதான். அந்தப் பெயரில் விற்கும் சட்டை எங்கே நெய்யப்பட்டது என்று லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே பெயர் பாதி நியாயம்தான். வேலை அந்த ஊருக்குப் போனால்தான் மீதிப் பாதி. பிராடா விஷயத்திலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்த 2,000 ஜோடிக்குப் பிறகு அடுத்த ஆர்டர் வருமா?

நீங்கள் வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

• ‘மெட்ராஸ்’, ‘கோலாப்பூரி’ என்று போட்டிருந்தால் அது வடிவத்தின் பெயரா, செய்த ஊரின் பெயரா என்று கேளுங்கள். ‘பாணி’, ‘ஸ்டைல்’ என்ற சொல் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் வடிவம் மட்டும்தான்.

• லேபிளில் துணியின் கலவையைப் பாருங்கள். கட்டம் ஒன்றாக இருந்தாலும் பாலியெஸ்டர் ஜேபி புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சாது. பருத்தி உறிஞ்சும்.

• கைத்தறி என்று சொல்லி விற்றால், நெய்தது யார், எந்த ஊர் என்று விசாரியுங்கள். நேரடியாக வாங்கி விற்பவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

• புது டிரெண்ட் என்று எதையாவது பார்த்தால், காசு கொடுப்பதற்கு முன் தாத்தாவின் அலமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். அங்கேயே மடித்து வைத்திருக்கலாம்.