பட்டன் அளவுத் தோல்



இந்த இதழ் வேலையாக ஆம்பூர் பஜாரில் ஒரு சின்னக் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். பழைய கார்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொடுக்கும் கடை. தாத்தா ஆரம்பித்தது, இப்போது கல்லாவில் பேரன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் கடையின் பெயர் இங்கே வராது, கதை மட்டும் வரும்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் வீட்டில் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய செவர்லே ஒன்று நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒருமுறை தேங்கி, இருமி, அப்புறம்தான் கிளம்புகிறதாம். பேரன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கார்புரேட்டருக்குள் இருக்கும் குட்டி பம்பின் வாஷர் போயிருக்கிறது. சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்டின் நுனியில் கிண்ணம்போலக் கவிழ்ந்திருக்குமே ஒரு தோல், அதேதான். அளவு மட்டும் சட்டைப் பட்டனை விடக் கொஞ்சம் பெரிது.

“தம்பி, உங்க தாத்தா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுத்திருப்பாரு.”

“தாத்தா கடைஞ்சு வச்ச அச்சு இருக்குங்கய்யா. செஞ்சே தர்றேன். ரெண்டு நாள் பொறுத்து வாங்க.”

பெரியவர் போன பிறகு வேலையைக் கிட்டேயிருந்து பார்த்தேன். தோலை வட்டமாக வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தார். இளகியதும் மர அச்சின் குழியில் வைத்து, மேலே கட்டையை இறக்கி இறுக்கினார். நிழலில் காய்ந்தால் கிண்ணம் அப்படியே நிற்கும். பிறகு எண்ணெயில் ஊறப்போட வேண்டியதுதான்.

தோல் எங்கே வாங்கினீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். “திண்டுக்கல்” என்றார். தூக்கிவாரிப்போட்டது. தோலுக்குப் பேர்போன ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு, பட்டன் அளவுத் தோலுக்குத் திண்டுக்கல்லா?

காரணம் இருக்கிறது. பட்டையில் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் வளைத்த வடிவத்தைக் காய்ந்த பிறகும் விடாமல் வைத்திருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஷூவின் மேல்பாகத்துக்கு அந்தக் குணம்தான் வேண்டும், வாஷருக்கு ஆகாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டால் வாரக்கணக்கில் ஆகும். குரோமில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த தோலையும் செருப்பு, ஷூவையும் அனுப்பச் சொன்னது. அதனால் நம் ஊர்கள் குரோமுக்கு வேகமாக மாறின. அதில்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. தோல் கழிவால் பாலாறு கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். பட்டைத் தோல் இன்று திண்டுக்கல், திருச்சிப் பக்கம்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

இந்தக் கடை மாதிரிக் குடும்பங்களின் கதை நம் நாட்டுக் கார்களின் கதையோடு சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. உதிரிபாகங்களையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு சொன்னபோது, 1954-ல் கடையைக் கட்டியது. கம்பெனி போய்விட்டது, கார்கள் சாலையில் நின்றன. அவற்றை ஓட வைத்தவர்கள் சாமான் விற்றவர்களும் லேத் பட்டறைக்காரர்களும்தான். மதுரையில் 1911-ல் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் குடும்பமும், 1929-ல் சென்னையில் கார், உதிரிபாக விற்பனையில் இறங்கிய ரானேயும் விற்பதிலிருந்து செய்வதற்கு நகர்ந்தது இப்படித்தான். 1992-ல் அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து தரும் ஒப்பந்தம் டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸுக்குக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

பெரிய வீடுகள் ஆலை கட்டின. சின்ன வீடுகள் அலமாரி வைத்தன. அந்த அலமாரியை நான் குறைவாக எண்ண மாட்டேன். அம்பாசடர் 2014-ல் நின்றுவிட்டது. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் பல வருடம் முன்பே போய்விட்டது. ஆனால் கடையின் பின்சுவரில் ஹெரால்டின் கதவுக் கைப்பிடி ஒன்று, கிரீஸ் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது. நாற்பது வருடமாக யாரும் கேட்கவில்லையாம். “கேக்கிறவர் ஒருத்தர் வருவார் சார்” என்கிறார் பேரன். வியாபாரக் கணக்கில் அது முடங்கிய பணம். அவருக்கு அது தாத்தா யாருக்கோ கொடுத்த வாக்கு.

இப்போது புது வேலையும் வருகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், பழைய கார்களின் ரப்பர் சாமான்கள் ஊதிப்போகின்றன என்று மெக்கானிக்குகள் வருகிறார்கள். சிலர் பம்ப் வாஷருக்குத் தோலே தேவலை என்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வாஷர். அவ்வளவுதான். ஆனால் அச்சு மறுபடி ஈரமாகியிருக்கிறது.

மூன்றாம் நாள் நானும் போயிருந்தேன். பெரியவர் வாஷரை உள்ளங்கையில் வைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “எங்கப்பா தோல் ஷாப்பு வாசனை” என்றார்.

வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் பட்டையில் பதனிட்ட பழைய தோல் துண்டு கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்